அல்போன்ஸோ பெட்டியில் ஒரு பிரசவம்

மும்பை செம்பூர் செட்டா நகரில் ஒரு மூன்றாம் மாடி வீடு. அங்கே வளர்வது இரண்டும் பெண் முயல்கள் என்றுதான் விற்றவர் சொல்லியிருந்தார். அதில் ஒன்று தகப்பன் ஆனபோதுதான் மாமிக்குச் சந்தேகம் வந்தது.

விற்றவரை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. சின்னக் குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில் பழகிய கையே சில சமயம் ஏமாந்துபோகும். வீட்டில் இருந்தவர்களோ தாய்க்கு வயிற்றில் ரோமம் கொட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொறி என்று தீர்மானித்தார்கள். அணுசக்தித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா மருந்துக்கடைக்குக் கிளம்பி, களிம்போடு திரும்பினார். உண்மையில் ரோமம் கொட்டவில்லை. முயலே தன் வாயால் பிடுங்கிக்கொண்டிருந்தது. குட்டி போடப்போகும் முயல் அடிவயிற்று ரோமத்தைப் பிய்த்து மெத்தை போடும். மெத்தையும் ஆயிற்று, காம்புகளை மறைத்த ரோமமும் விலகியாயிற்று. மறுநாள் காலையில் சோபாவுக்குப் பின்னால், பஞ்சுக் குவியலுக்குள் ஆறு குட்டிகள். கண் திறக்கவில்லை, காது கேட்காது, மேலே ஒரு ரோமம் கிடையாது. களிம்பு பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போயிற்று.

மே மாதமாக இருந்ததால் வீட்டில் அல்போன்ஸோ மாம்பழம் வந்த மரப்பெட்டி காலியாகக் கிடந்தது. பிரசவ அறைக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் அமைந்திராது. மாமா ஆணிகளைப் பிடுங்கி, தாய் ஏறி இறங்குவதற்காக ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக அறுத்தார். அதிகம் தாழ்த்தவும் கூடாது. பால் குடிக்கும் குட்டி சில நேரம் காம்பை விடாமல் தாயோடு வெளியே தொங்கிக்கொண்டு வந்துவிடும். பூனையாக இருந்தால் கவ்விக்கொண்டு போய் உள்ளே விடும். முயலுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வெளியே விழுந்த குட்டியை நாம்தான் எடுத்து உள்ளே வைக்க வேண்டும். பெட்டியோடு வந்த வைக்கோலை மாமா சேர்க்கவில்லை. பழம் பழுக்க வைத்த வைக்கோலில் எந்த மருந்து பட்டிருக்குமோ! உலர்ந்த புல்லைப் பரப்பி, அதன்மேல் தாயின் ரோமத்தையே எடுத்து வைத்தார். "மனுஷா கை பட்டா தாய் சேத்துக்காது" என்று மாமி தடுத்துப் பார்த்தார். ஊரெல்லாம் நம்பும் இந்தக் கதை வீட்டு முயலுக்குப் பொருந்தாது. பண்ணைகளில் ஒரு தாயின் குட்டிகளை எடுத்து இன்னொரு தாயிடம் விடுவதே வழக்கம். அவையும் முணுமுணுக்காமல் வளர்க்கின்றன.

மாமிக்கு உண்மையான துக்கம் பிற்பகலில்தான் ஆரம்பித்தது. தாய் பெட்டிப் பக்கமே போகவில்லை. பால்கனிக் கதவோரம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கொத்தமல்லி தின்றது.

"பெத்தவளா இவ? திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாளே!"

மாமியின் வருத்தத்தில் நியாயம் இருந்தது. பத்தியம், லேகியம், நெய், பூண்டு, வெந்நீர் என்று இரண்டு மகள்களின் பிரசவத்தை நடத்திக்கொடுத்த அனுபவஸ்தர். இந்த நோயாளியோ எதையும் நடத்தவிடவில்லை. மாமி லேகியத்தையும் பூண்டையும் எடுப்பதற்குள் பேத்தி குறுக்கே பாய்ந்தாள். பூண்டும் வெங்காயமும் முயலுக்கு விஷம். பால் கொடுக்கும் முயலுக்கு வேண்டியது வயிறு நிறைய உலர்புல், குதிரைமசால் கிடைத்தால் குதிரைமசால், தீராத தண்ணீர். தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பவர்கள் அகத்தியும் கல்யாண முருங்கையும் போடுவார்கள். செம்பூரில் முருங்கைக்கீரைக்கே மாட்டுங்கா மார்க்கெட் வரை போக வேண்டும், மாமா போனார். கேரட் மட்டும் கொஞ்சமாகத்தான். அதில் சர்க்கரை அதிகம். கேரட்டே முயலின் சாப்பாடு என்ற எண்ணத்தைப் பரப்பியதில் பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அன்று மாலை தாராவியிலிருந்து அண்ணாச்சி வந்தார். 90 அடிச் சாலைப் பக்கம் முறுக்கு போடுபவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் சிறுவயதில் முயலோடு வளர்ந்தவர். பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"மாமி, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நடுச்சாமத்துல வந்து பாலக் குடுத்துட்டுப் போய்க்கிடும்."

அப்படியே நடந்தது. முயல் நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும், எப்போதாவது இரண்டு தடவை. அதுவும் இரவிலோ விடியலிலோ மூன்று முதல் ஐந்து நிமிடம். காட்டில் தாய் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அவள் வாசனையைப் பிடித்துக்கொண்டு நரி வரும். அதனால்தான் விலகி இருக்கிறாள். செம்பூர் மூன்றாம் மாடியில் நரிக்கு வழியில்லை என்று அவளுக்கு யார் சொல்வது? பாலோ கெட்டிப் பால். பசும்பாலில் கொழுப்பு நான்கு சதவீதத்தை ஒட்டி இருக்கும், முயல்பாலில் பத்துக்கும் மேலே. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு குட்டி தன் எடையில் கால் பங்கு வரை குடித்துவிடும். காம்பை இருட்டில் கண்டுபிடிப்பது மூக்கு. அந்த வாசனைக்குக் காரணமான பொருளைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்து 2003இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மாமா பேத்தியின் போனில் அதைப் படித்துவிட்டு, பெட்டி இருந்த அறையில் ஊதுபத்திக்குத் தடை போட்டார். கட்டுரையில் ஊதுபத்தி பற்றி ஒரு வரியும் கிடையாது.

மாமி சாட்சி இல்லாமல் நம்புகிறவர் இல்லை. கண் விழித்துப் பார்த்தால் தாய் வருவதில்லை. எனவே படுக்கப் போகுமுன் பெட்டி வாசலில் அரிசி மாவைத் தூவினார். காலையில் கிருஷ்ண ஜெயந்திக் கோலம்போல் உள்ளே போன பாதமும் வெளியே வந்த பாதமும் பதிந்திருந்தன. குட்டிகளைக் கையில் எடுத்தால் வயிறு உருண்டையாக, தோலுக்கு உள்ளே பால் வெள்ளையாகவே தெரிந்தது. வயிறு சுருங்கி, தோல் மடிப்பு விழுந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தினம் ஒரு தடவை இதைப் பார்த்து, எடை போட்டு, மூடிவிட்டு நகர்ந்துவிட்டால் மனிதர் செய்ய வேண்டிய பிள்ளைவளர்ப்பு முடிந்தது. மீதி நேரத்தை என்ன செய்வதென்றுதான் மாமிக்குத் தெரியவில்லை.

வெயில் வேலை கொடுத்தது. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் காது வழியாக. 30 டிகிரி தாண்டினாலே தவிக்கும். ரோமமில்லாத குட்டிகளுக்கோ அதே சூடு வேண்டும். மின்விசிறி தாயின் பக்கம், பெட்டி அதற்கு எதிர்மூலை என்று வீடு இரண்டு தட்பவெப்ப மண்டலமாகப் பிரிந்தது. மாமா தாராவி கும்பார்வாடாவுக்கே போய், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து பல தலைமுறைகளாகப் பானை வனையும் குடும்பம் ஒன்றிடம் உடைந்த பானைக்கு விலை கேட்டார். குயவர் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சும்மாவே கொடுத்தார். ஈர ஓட்டின்மேல் தாய் வயிறு ஒட்டப் படுத்தது. மாமி ஈரத்துணியால் காதைத் துடைத்துவிட்டார். ஆக, மாமிக்கும் ஒரு பத்தியம் கிடைத்தது.

பத்தாம் நாள் வாக்கில் குட்டிகள் கண் திறந்தன. பதினோராம் நாள் புண்ணியாஜனத்துக்கு மாட்டுங்காவிலிருந்து சாஸ்திரிகளைக் கூப்பிடலாமா என்று மாமி கேட்டது பாதி விளையாட்டுக்குத்தான்.

மாமா இதற்கிடையில் ஃபிபொனாச்சியைப் பிடித்துக்கொண்டார். 1202இல் அந்த இத்தாலியர் போட்ட கணக்கில் ஒரு ஜோடி முயல் மாதம் ஒரு ஜோடி ஈன, ஒரே வருஷத்தில் 377 ஜோடி ஆகிவிடும். இதே எண்வரிசையை அதற்கு முன்பே குஜராத்தில் ஹேமச்சந்திரர் செய்யுள் அசைகளுக்காகக் கணக்கிட்டுவிட்டார் என்றதும், கீழ்வீட்டு குஜராத்திக்காரர் ரொம்பப் பெருமைப்பட்டார். இரவில் மாவரைக்கிறீர்களா என்று விசாரிக்கத்தான் அவர் மாடியேறி வந்திருந்தார். பயந்தால் முயல் பின்னங்காலால் தரையை ஓங்கி அடிக்கும். அவர் கேட்டது அந்தச் சத்தம்.

"கணக்குத் தப்பு. குட்டிக்குப் பால் குடுத்துண்டே எந்த முயலாவது மாசாமாசம் ஈனுமா?" என்றார் மாமா.

முதல் நாள் சாயங்காலமே அண்ணாச்சி வேறொன்றும் கேட்டிருந்தார்: "சார், ஆணு எங்க கெடக்கு?" அது சோபாவுக்கு அடியில், தாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. அப்போதுதான் அதைத் தனிக் கூண்டில் அடைத்தார்கள். முயலுக்குக் கருமுட்டை வருவதற்குத் தேதி கிடையாது. இணை சேர்வதே அதைத் தூண்டிவிடும். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே அடுத்ததைத் தரிக்கவும் அதனால் முடியும். கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாள்.

ஜூன் நடுவில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் தாய் மறுபடி ரோமம் பிடுங்க ஆரம்பித்தது. இந்த முறை யாரும் களிம்பைத் தேடவில்லை. அல்போன்ஸோ பருவம் முடிந்திருந்தது. கீழ்வீட்டார் கேசர் மாம்பழம் வந்த பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். மாமா நோட்டைத் திறந்து, ஃபிபொனாச்சிக்கு எதிராகத் தாம் எழுதியிருந்த அரைப் பக்கத்தை மாமி பார்க்காதபோது அடித்துவிட்டு, ஆண் முயலைப் பரேல் மிருக ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போக டாக்ஸி கூப்பிட்டார்.