செம்பனை எண்ணெயில் ரெனுவார்

எண்ணெய் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. எங்கள் ஊர் லாபிஸைச் சுற்றிலும் செம்பனைதான். நானோ ஆலையில் 30 வருடம் கிராணி. குலை வந்த கணக்கும் எண்ணெய் போன கணக்கும் எழுதிய கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்காமல் தைலவண்ண ஓவியம் கற்கக் கிளம்பியது.

எடுத்த எடுப்பிலேயே ரெனுவார். 1881-இல் அவர் தீட்டிய ‘இரு சகோதரிகள்’ சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து வரைவதாகத் திட்டம். சிவப்புத் தொப்பி போட்ட அக்கா, தொப்பி நிறையப் பூ வைத்த தங்கை, பின்னால் சேன் நதி. ரெனுவார் சின்ன வயதில் பீங்கானில் பூ வரைந்து பழகியவர். நான் சின்ன வயதில் பால்மரத்தில் என் பெயரைச் செதுக்கி மண்டோரிடம் அடி வாங்கியவன். கலைப் பின்னணி இருவருக்கும் உண்டு.

செகாமட்டில் 12 டியூப் வாங்கினேன். வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெயின் விலையைக் கேட்டதும் கிராணி புத்தி விழித்துக்கொண்டது. லாபிஸ்காரன் எண்ணெய்க்குக் காசு அழுவதா? அடுப்படியில் இருந்த செம்பனை எண்ணெயை ஊற்றிக் குழைத்தேன்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், நீலமும் ஊதாவும் போதும் என்பது ரெனுவாரின் கூட்டமான இம்ப்ரெஷனிஸ்டுகளின் வழக்கம். அப்படியே வைத்தேன்.

“என்னங்க, இந்தப் புள்ளைய யாரு கன்னத்துல அறைஞ்சது?” என்றார் மனைவி.

“தாத்தா, பாப்பா ஏன் தலையில ரோஜாக் வெச்சிருக்கு?” என்றாள் பேத்தி.

“பத்தடி தள்ளி நின்னு பாருங்க” என்றேன். தள்ளிப் போனவர்கள் அப்படியே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் அசரவில்லை. 1874-இல் பாரிஸில் நடந்த ரெனுவார் கூட்டத்தின் முதல் கண்காட்சியை லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் கிண்டலடித்தார். அதில்தான் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. என் வீட்டில் இரண்டு லெருவா.

ஒரு மாதமாகியும் படம் காயவில்லை. மழையைத் திட்டினேன். காற்றாடியைத் திருப்பி வைத்தேன். வெயிலில் நிறுத்தினேன், எறும்புகள் வரிசை கட்டி சேன் நதியைக் கடந்தன. அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன். தைலவண்ணம் துணி காய்வதுபோல ஆவியாகிக் காய்வதில்லையாம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தோல் கட்டி இறுகும். செம்பனை எண்ணெய் அப்படி இறுகாது. முறுக்கு சுடத்தான் தோது. 30 வருடப் பேரேட்டில் இதற்கு ஒரு வரி கிடையாது.

இரண்டாவது படத்துக்கு ஆளிவிதை எண்ணெய் வாங்கினேன். பத்தே நாளில் காய்ந்து கூடத்துக்கு வந்துவிட்டது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் மதிப்பெல்லாம் அடுப்படிச் சன்னலோரம் தொங்கும் முதல் படத்துக்குத்தான். போன வாரம் மட்டும் 17 கொசு பிடித்திருக்கிறது.