முதலை, வாழைப்பழம், குரங்கு

எங்கள் வீட்டில் சால்டரிங் அயர்னுக்குத் தடை. பழைய ரேடியோவுக்கு ஈயம் பத்தவைக்கிறேன் என்று உட்கார்ந்து, புதுக் கம்பளியில் ஓட்டை போட்ட நாள் முதல் இந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. ஊட்டியில் கம்பளியைப் பொசுக்குவது ஜாமீன் கிடைக்காத குற்றம்.

அதனால் மகள் மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினிப் பலகையோடு வந்தபோது, "இதுக்குப் பத்தவைக்கவே வேண்டாம்ப்பா" என்றாள், சமையலறைக்குக் கேட்கும்படி.

தீப்பெட்டி அளவுதான் இருந்தது. 2016-இல் பிபிசி முன்னின்று பிரிட்டனில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 10 லட்சம் பலகைகளை இலவசமாகக் கொடுத்தது. அந்த வயசுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு நிறைய சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தால் டீச்சர் என்ன ஆவார்? அதற்காகத்தான் விளிம்பில் ஐந்து பெரிய ஓட்டைகள்: 0, 1, 2 என்று மூன்று, பிறகு 3 வோல்ட், கிரவுண்ட். குரோக்கடைல் கிளிப்பைக் கவ்வவிடலாம். 4 மில்லிமீட்டர் பனானா பிளக் இருந்தால் செருகலாம்.

"முதலை இருக்கு, வாழைப்பழம் இருக்கு. குரங்குதான் பாக்கி" என்று சிரித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

திட்டம் எளிது. கேரட் முளைத்த தொட்டியில் இரண்டு ஆணி. ஒன்றிலிருந்து 3 வோல்ட்டுக்கு ஒரு ஒயர், மற்றதிலிருந்து 0-க்கு ஒரு ஒயர். மண் ஈரமாக இருந்தால் மின்சாரம் கடக்கும். பலகை அதை 0 முதல் 1023 வரை எண்ணாகச் சொல்லும். 400-க்குக் கீழே போனால் 25 விளக்குகளில் அழுமூஞ்சி, மேலே இருந்தால் சிரிப்பு.

ஒயர் மாட்டுவதை நானே ஏற்றேன். முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி நிற்கிற ஊர் எங்களுடையது. 1970-இலேயே அதைக் கட்டி முடித்த ஊர்க்காரனுக்கு இரண்டு ஆணி ஒரு பொருட்டா? மாட்டினேன். எண்கள் பேய் பிடித்ததுபோல் ஆடின. கிளிப்பைப் பக்கவாட்டில் கவ்வவிட்டதில், அதன் பல் பெரிய ஓட்டைக்குப் பக்கத்திலிருக்கும் மெல்லிய பட்டைகளையும் தொட்டிருக்கிறது. "நிமிர்த்திப் போடுங்கப்பா, ஒரு தாடை ஓட்டைக்குள்ள போகணும்" என்றாள். போட்டேன். அடங்கியது.

ஆனால் அது ஜூலை மாசம். தொட்டியை வைத்த ஜன்னல் திண்ணையில் சாரல் நிற்கவே இல்லை. மூன்று வாரம் பலகை சிரித்துக்கொண்டே இருந்தது.

"மண்ணு ஈரமா இருக்குன்னு சொல்றதுக்கு மிஷினாங்க? என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா?" என்றாள் மனைவி.

அழுமூஞ்சியை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? கொஞ்சம் மண்ணை வாணலியில் போட்டு வறுத்தோம். வறுத்த மண்ணில் ஆணியைக் குத்தியதும் அழுதது. வாணலியைப் பார்த்த பிறகு வீட்டில் அழுமூஞ்சி இரண்டானது. சட்டம் சால்டரிங்குக்கு மட்டும்தான் என்ற என் வாதம் எடுபடவில்லை.

நான்காம் வாரம் குரங்கு வந்தது. கேரட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, சிவப்பு ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. கிளிப் சடக்கென்று கழன்றது. ஆணி தொங்கிய ஒயரோடு குரங்கு பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்குப் போய்விட்டது. பலகை இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. ஈயம் வைத்திருந்தால் பலகையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பத்தவைக்காமல் மாட்டுவதில் இருக்கும் சௌகரியத்தைப் புத்தகம் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

மிச்சமிருந்த ஒயர்கள் இப்போது துணிக்கொடியில். நான்கு நாள் காய்ந்தாலும் ஈரம் போகாத ஊரில், பிளாஸ்டிக் கிளிப்பைவிட இந்த முதலை உறுதியாகக் கவ்வுகிறது. கம்பளிச் சாக்ஸில் மட்டும் மாட்டாதீர்கள்; பல் தடம் விழுகிறது.