எயார்போட் தம்பி

முரசுமோட்டையில் அவனைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். வேலைக்குப் போகையில் தொங்கினால் நியாயம். லீவில் வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போகும்போதும் அது நெஞ்சில்தான் கிடக்கும். ஒருநாள் வாய்க்காலுக்குள் நின்ற பெரியவர் ஒருவர் சவர்க்கார நுரைக்குள்ளால் கேட்டார்: "தம்பி, உதைக் காட்டாட்டில் இரணைமடுத் தண்ணி உன்னை உள்ள விடாதோ?"

பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வருகிற சின்ன விமானம் ஒன்றின் தரைப் பணியாளன் அவன். கொம்பனியின் பெயர் வேண்டாம், அவனுக்கு வில்லங்கம். அவனுடைய சொந்தப் பெயர் இப்போது தாய்க்கும் தபால்காரருக்கும் மட்டும்தான் ஞாபகம். மற்ற எல்லாருக்கும் எயார்போட் தம்பி.

பெரிய விமான நிலையங்களில் நிறுக்கிறவர் நிறுப்பார், கிழிக்கிறவர் கிழிப்பார். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்கள் வந்துபோகிற இடத்தில் அந்தச் சொகுசு கிடையாது. கவுன்ரரில் நின்று கடவுச்சீட்டைப் பார்த்துப் பெட்டியை நிறுப்பவன் அவன். நிறுத்து முடிந்ததும் ரையைச் சரிசெய்துகொண்டு ஓடிப்போய் வாசலில் நின்று போர்டிங் அட்டையைக் கிழிப்பவனும் அவன். கிழித்து முடித்ததும் ரைக்கு மேலே ஒளிர்மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு வெயிலில் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்பவனும் அவனே. கொடிகாமத்து ஐயா ஒருவர் கவுன்ரரில் இவனைக் கண்டார், வாசலில் கண்டார், ஒன்றும் கேட்கவில்லை. படியடியில் மூன்றாம் முறை கண்டதும் பொறுக்க முடியாமல் கேட்டாராம்: "தம்பி, உங்கட அம்மாவுக்கு ஒரே சூலில மூண்டு பிள்ளையளோ?"

இடையில் அறிவிப்பும் செய்ய வேண்டும். வீட்டில் "எணேய் அம்மா, சோத்தைப் போடணை" என்கிற வாய், ஒலிவாங்கியைக் கண்டதும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று எழும்பூர் ஸ்டேசன் குரலில் இழுக்கும். தாய் ஒருமுறை யாரையோ வழியனுப்பப் போய் அதைக் கேட்டுவிட்டு, "ஆரடி அந்த இந்தியாக்காரப் பெடியன், நல்லாக் கதைக்கிறான்" என்று பக்கத்தில் நின்ற மச்சாளிடம் சொன்ன கதை ஊரில் இன்றைக்கும் ஓடுகிறது.

பரந்தன்–முல்லைத்தீவு மினிபஸ்ஸில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்த ஆளைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. காசு வாங்குவதும், மூட்டையை மேலே எறிவதும், கிழவியைக் கைபிடித்து ஏற்றுவதும், "றைற், போ" என்று தட்டுவதும் ஒரே பெடியன்தான். எங்கள் ஆள் அதே பெடியன், ரை கட்டியிருக்கிறான். மினிபஸ்காரனுக்கு இல்லாத தலையிடி ஒன்று இவனுக்குண்டு: பஸ் பிந்தினால் சனம் பஸ்ஸைத் திட்டும், விமானம் பிந்தினால் சனம் இவனுடைய தாய்க்குப் போன் எடுக்கும். "என்னணை, உன்ர மோன்ர பிளேன் இன்னும் வரேல்லை?" தாயும் விட்டுக்கொடுக்கமாட்டா. "அவன் விடியவே வெளிக்கிட்டிட்டான். பிளேன்தான் சுணங்குது."

அடுத்தது கிலோ. சென்னைக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போகிறவர்கள், கண் காட்டப் போகிறவர்கள், சிதம்பரத்துக்கும் திருநள்ளாறுக்கும் நேர்த்தி வைத்தவர்கள், எல்லாருடைய பையிலும் வளசரவாக்கத்தில் இருக்கிற சொந்தத்துக்குக் கொடுக்க ஒரு பார்சல் இருக்கும். ஒடியல், பனங்கட்டி, இடித்த மிளகாய்த்தூள், எத்தனை பொலித்தீன் சுற்றினாலும் தன் பெயரைத் தானே சொல்கிற முல்லைத்தீவுக் கருவாடு. தராசு சிவப்பில் கத்தும். "மாமி, நாலு கிலோ கூட." "உன்னை நாலு கிலோவில இருந்து தூக்கி வளர்த்தனான், மறந்து போச்சே?" இந்த வாதத்துக்குப் பதில் அவனுடைய கொம்பனி கொடுத்த கையேட்டில் இல்லை. அவனிடம் உள்ளது ஒரேயொரு பதில்: "சிஸ்ரம் விடாது மாமி." சிஸ்ரம் யாரென்று தெரியாது, ஆனால் அந்த ஆள் லேசில் இளகமாட்டான் என்று ஊர் முழுக்கத் தெரியும்.

வேலைப் பாஷை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறவர்களின் ஈ.ரி.ஏ. என்ன என்று கேட்பான். பந்தியில் வராமல் விட்டவர்கள் நோ ஷோ. சாப்பிட்டு முடித்துப் பாயிலிருந்து எழும்பாத சித்தப்பா டிலே. நல்லவேளை, செத்தவீட்டில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற வித்தை ஒன்றுண்டு. அவர்களுடையது ஏ.ரி.ஆர். 72, எழுபது சொச்சம் இருக்கை, இரண்டு பக்கமும் காற்றாடி. வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று நகை போட்டுக்கொண்டு வருகிற சனத்துக்குக் காற்றாடியைக் கண்டதும் முகம் சுருங்கும். ஏறுவதும் பின்கதவால், முன்பக்கக் கதவு சாமானுக்கு. அதனால் பெட்டி ஏற்றி இறக்கும்போது பின்பக்கம் கனத்து, மூக்குத் தூக்கிக் குந்திவிடாதிருக்க, வாலுக்குக் கீழே ஒரு கால் வைப்பார்கள், குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. ஆட்கள் குறைந்த நாளில், பாரம் ஒரு பக்கம் சாயாமலிருக்க, சிலரை எழுப்பி வேறு வரிசையில் இருத்தவும் வேண்டிவரும். அங்கேதான் சண்டை. "நான் முன்னுக்குத்தான் கேட்டு எடுத்தனான். ஏன் என்னைப் பின்னுக்குத் தள்ளுறீர்?" கோயில் பந்தியில் வருகிற அதே கோபம், அதே குரல். தம்பி விளக்கப் போனால் மோசம்: "உங்கட பாரம் பின்னுக்குத் தேவை அக்கா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அந்த அக்காவிடமிருந்து தப்பியது முன்னோர் செய்த புண்ணியம்.

இந்தப் பாரக் கணக்கை அவன் மாமாவுக்கு ஒருநாள் விரிவாக விளங்கப்படுத்தினான். மாமா அப்போது லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியில் நெல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்து அவர் வண்டியை எடுக்க, தம்பி முன்னே நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி, விமானத்தைக் கூப்பிடுவதுபோல "வாங்கோ, வாங்கோ" என்று அசைத்து, கடைசியில் கைகளைக் குறுக்கே மடித்தான். நில் என்று அர்த்தம். மாமாவுக்கு அந்த அர்த்தம் தெரியாது. லான்ட்மாஸ்ரர் மாட்டுக்கொட்டில் தூணில் போய் நின்றது. பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "மூட்டையைப் பின்னுக்குக் கூட்டி அடுக்கினால் கைப்பிடி ஆளையும் தூக்கிக்கொண்டு எழும்பும். முன்னுக்குக் கூட்டினால் மூக்கு மேல கிளம்பும். உதை முப்பது வருசமாச் செய்யிறம். எங்களுக்கு ஒருத்தரும் ரை தரேல்லை."

விமானம் பற்றி வன்னிக்கு வகுப்பெடுக்கிறது லேசான வேலை இல்லைத்தான். அம்மம்மா ஒருத்தி இருக்கிறா. சண்டைக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் சத்தத்தை வைத்தே உயிரைக் காத்தவ. உயரத்தில் நின்று ரீங்கரித்தால் வண்டு, அது வேவு பார்க்க மட்டும். வானம் கிழிந்தால் குண்டு போடுகிற கிபிர், கேட்ட பிறகு ஓட நேரமில்லை. இப்போதும் காற்றாடிச் சத்தம் எங்கோ கேட்டால் கை தானாகப் பேரப்பிள்ளையின் தலையை அமத்தும். "உது எங்கட பிளேன், அம்மம்மா, சனம் ஏத்திற பிளேன்" என்று தம்பி சொன்னான். "சத்தம் தெரியுது. ஆனால் கைக்கு இன்னும் தெரியேல்லை மோனை" என்றா. அன்றைக்கு அவன் வேலைப் பாஷை ஒன்றும் பேசவில்லை.

தேநீர்க்கடையில் உத்தியோகத்தின் பெருமையை நிலைநாட்ட அவனுக்குச் சரித்திரம் கைகொடுக்கும். எயார் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, 1947 டிசெம்பர் 10 அன்று இரத்மலானையில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கித்தான் மதராசுக்குப் போனது. காங்கேசன்துறை என்றால் பலாலி. கொழும்பும் மதராசும் எங்கள் வழியாகத்தான் கைகுலுக்கின என்பான். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், தேநீருக்கு அவன்தான் காசு கொடுப்பான். சொந்தச் சரித்திரத்தை அவ்வளவாகச் சொல்லமாட்டான். 2019 ஒக்டோபர் 17 விமான நிலையம் சர்வதேசப் பெயரோடு திறந்தது; வேலை கிடைத்தது; புதுச் சப்பாத்து காலைக் கடிப்பதை நிறுத்துமுன்பே, 2020 மார்ச்சில் கொரோனா வந்து மூடிவிட்டது. இரண்டே முக்கால் வருடம் வயல். ஒளிர்மஞ்சள் மேலங்கியை என்ன செய்வது? வெருளிக்குப் போட்டான். முரசுமோட்டை மயில்கள் அதுவரை அப்படியொரு உத்தியோகத்தரைக் கண்டதில்லை. ஒரு கிழமை கிட்ட வரவில்லை. 2022 டிசெம்பர் 12 விமானம் திரும்ப வந்தது. பெரும்போக நெல் பச்சையாய் நிற்க, வெருளி அம்மணமானது.

இத்தனை பேரை ஏற்றியவன் தானும் ஒருமுறை ஏற நினைத்தான். ஸ்ராஃப் ரிக்கெட் மலிவு, ஆனால் காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறி, மிச்சம் இருந்தால்தான் இடம். விசா எடுத்து, புதுச் சட்டை போட்டு, கவுன்ரருக்கு இந்தப் பக்கம் நின்றான். கவுன்ரர் மூட ஐந்து நிமிடம். ஒரே ஓர் ஆள் வரவில்லை. அந்த ஓர் ஆள் வரக்கூடாதென்று வற்றாப்பளை அம்மனுக்கு அவன் நேர்ந்தது எனக்கு மட்டும் சொன்ன இரகசியம்.

தாய் போனில் வந்தா. "மோனை, விசுவமடுப் பெரியம்மான்ர வான் இயக்கச்சியில ரயர் வெடிச்சுப் பிந்திப்போச்சு, இப்ப கிட்ட வந்திட்டாவாம். பிளேனை ஒருக்கா மறிச்சு வை."

கவுன்ரரில் நின்ற சக பெடியன் மணிக்கூட்டைப் பார்த்தான். "நேரம் முடிஞ்சுது மச்சான். சிஸ்ரம் விடாது." வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் போதும், அந்த இருக்கை இவனுக்கு. இவன் கவுன்ரர்மேல் குனிந்து, ஊர்ச்சனம் எல்லாம் இத்தனை நாளும் தன்னிடம் கெஞ்சிய அதே சொற்களில் கெஞ்சினான். பெரியம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தா. பை இரண்டு கிலோ கூட. அவனே திறந்து, அவனே எடுத்தான்.

"அதைக் கொம்மாட்டக் குடு மோனை" என்றா பெரியம்மா. "அதுசரி, நீ வடிவா வெளிக்கிட்டு நிக்கிறாய், எங்கையன் போறியோ?"

கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினான். கழுத்தில் அட்டை, கையில் பயணப்பை, பக்கத்து வீட்டுச் சனம் படலையில். தாய் பையைத் திறந்து மூக்கைச் சுளித்தா.

"மெட்ராசில இருந்து கருவாடோடா வாங்கிக்கொண்டு வந்தனி?"