திருப்பெருந்துறையில் ஓர் இலை

1980களின் நடுவில் ஆவுடையார்கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பகலை வழிக்கே கொடுத்துவிட வேண்டும். திருவாரூரில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று நின்று நின்று அறந்தாங்கிக்கு வந்து சேர்வதற்குள் சட்டைக் கழுத்தெல்லாம் கரி படிந்திருக்கும். அங்கிருந்து மீமிசல் போகிற பஸ். தூரம் சுமார் 14 கிலோமீட்டர்தான். ஆனாலும் கண்மாய்க் கரையிலும் விலக்கிலும் யார் கை காட்டினாலும் நிற்கும். இருபுறமும் பனையும் சீமைக் கருவேலும். மழையை நம்பி விதைக்கிற பூமி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "எங்கிட்டிருந்து வாறீக தம்பி?" என்று தொடங்கி, இறங்குவதற்குள் எங்கள் பயணத்தின் காரணம் முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

காரணம் என் நண்பன். கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரி மாணவன். பழைய காலத்தில் கோயில் கட்ட ஒப்புக்கொள்ளும் ஸ்தபதிகள் ஓலையில் ஒரு விலக்கு எழுதி வாங்குவார்களாம்: தாரமங்கலத்துத் தூண், திருவலஞ்சுழிப் பலகணி, ஆவுடையார்கோயில் கொடுங்கை இவை நீங்கலாக எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம் என்று. இந்தப் பேச்சு அவன் காதில் விழுந்த நாளிலிருந்து கொடுங்கையை நேரில் பார்த்து வரைந்தே தீர்வது என்று இருந்தான். எனக்குத் திருவாசகத்தின் மேல் பற்று. மாணிக்கவாசகர் குருவைக் கண்ட திருப்பெருந்துறை இதுதான் என்பது மரபு. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டு, அரசனிடம் தண்டனை பெற்றவர் அவர். இருவரும் சேர்ந்து கிளம்பினோம்.

இன்று அந்த ஊருக்குப் போவது எளிது. காரைக்குடிக்குப் போகும் அந்த மீட்டர் கேஜ் பாதையில் அறந்தாங்கிப் பகுதி 2012இல் மூடப்பட்டது. 2019இல் திருவாரூர் வரை முழுத் தடத்திலும் அகல ரயில் ஓடத் தொடங்கியது. மீமிசல் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. தஞ்சாவூரில் காலைப் பலகாரம் முடித்துக் காரில் புறப்பட்டால் உச்சிக்காலத்துக்கு முன்பே கோயில் வாசலில் நிற்கலாம். அண்மையில் நாங்கள் அப்படித்தான் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்தவர்கள் உள்ளே போய், கும்பிட்டு, தூண்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பியபோது நாங்கள் ரகுநாத பூபால மண்டபத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு அன்று பார்க்க வேண்டிய கோயில்கள் இன்னும் இருந்தன. வழி குறுகியதும் மிச்சமான நேரம் இந்த ஊருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

இந்தக் கோயிலோ அவசரக்காரருக்கு எதையும் காட்டாது. கோயில் தெற்கு நோக்கியது. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை, பலிபீடம் இல்லை. கருவறையில் ஆவுடையார் மட்டும் இருக்கிறது. மேலே லிங்கம் இல்லை. உருவமில்லாத அந்த இறைவனுக்குப் பெயர் ஆத்மநாதர். அம்பாள் யோகாம்பாளுக்கும் திருவுருவம் கிடையாது, பாதங்கள் மட்டுமே. அவற்றையும் கருங்கல் பலகணி வழியாகத்தான் பார்க்க வேண்டும். தீபாராதனைத் தட்டு வெளியே வராது. கண்ணில் ஒற்றிக்கொள்ளக் காத்து நிற்பவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். "சாமி எங்கே இருக்கு?" என்று ஒரு சிறுமி அம்மாவைக் கேட்டாள். அதைவிடச் சரியான கேள்வியை அந்தச் சன்னதியில் யாரும் கேட்க முடியாது. அம்மா பதில் சொல்ல நின்றிருந்தால் ஒரு முழு சைவ சித்தாந்தப் பாடமே நடந்திருக்கும். வேன் ஹாரன் அடித்தது; போய்விட்டார்கள்.

முதல் பயணத்தின்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் கிடைத்தார். கோயிலையே சுற்றி வாழ்ந்த கிழவர். மேல்துண்டு இடுப்பில், கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வெயில் விழுகிற இடத்தில் நின்று கண்ணாடியைத் திருப்பினார். ஒரு துண்டு வெளிச்சம் மேலே ஏறிக் கொடுங்கையில் போய் விழுந்தது. "மரம்னு நெனைக்காதீக, கல்லு" என்றார். வளைந்து இறங்கும் கூரை விளிம்பு. உள்பக்கம் வரிசையாகக் கைமரங்கள், அவற்றைப் பிணைக்கிற குறுக்குச் சட்டங்கள், சட்டத்தில் அறைந்த ஆணிகளின் தலைகள். எல்லாமே கல்லில் செதுக்கியவை. கல்தானா என்று சோதிக்க ஒரு வெள்ளைக்காரத் துரை துப்பாக்கியால் சுட்டதாக ஊரில் வழங்கும் கதையையும் சொன்னார். அவர் கண்ணாடியை நகர்த்த நகர்த்த நாங்கள் ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தோம். என் நண்பன் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வரைந்தான். வெயில் நகர்ந்ததும், "நாளைக்கு இந்நேரம் வாங்க, மிச்சத்தைக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுக் கிழவர் கண்ணாடியை மடியில் செருகிக்கொண்டார்.

இப்போது மண்டபத்தில் மின்விளக்குகள் இருக்கின்றன. ஆணிகளை எல்லோரும் எப்போதும் பார்க்கலாம். கைப்பேசியைத் திறந்தால் தல வரலாறு முழுவதும் கிடைக்கிறது. கிழவர் அன்று சொல்லாத செய்திகளும் அதில் இருந்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன்; வழிகாட்டி கிடைக்காத ஏழைப் பயணிக்கும் அது கைகொடுக்கிறது. ஆனால் கிழவர் கொடுத்தது செய்தி மட்டும் அல்ல. எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொடுத்தார். நாளைக்கு வா என்று சொல்ல ஒரு மனிதரால்தான் முடியும்.

அன்றைய கதையின் இன்னொரு பாதியையும் சொன்னால்தான் 'அன்று' என்பதை நேர்மையாகச் சொன்னதாகும்.

உச்சிக்காலத்தில் படைகல்லைப் பார்த்தோம். இந்தக் கோயிலின் நிவேதனம் வேறெங்கும் காணாதது. வடித்த புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து கருவறைக்கு முன்னுள்ள கல் மேடையில் பரப்புகிறார்கள். உடன் கீரையும் பாகற்காயும். சோற்றிலிருந்து எழும் ஆவியே இறைவனுக்கு அமுது. உருவமில்லாதவருக்கு உருவமில்லாத உணவு. இதற்குத் தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது. இந்த ஊரில் முந்நூறு அந்தணர் குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல யாரென்று தெரியாத ஒரு முதியவர் வந்தார். நாளுக்கொரு வீடாக முறைவைத்து அவருக்குச் சோறு போட்டார்கள். அந்தந்த வீட்டில் இருந்த புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும்தான். வந்தவர் இறைவன் என்பது பிறகு தெரிந்தது. அவர் வீடுகளில் சாப்பிட்டதே இன்றுவரை கோயிலில் படைக்கப்படுகிறது.

இந்தக் கதையைக் கேட்டு நெஞ்சு நிறைந்து வெளியே வந்தோம். ஊரில் அப்போது நல்ல சாப்பாட்டுக் கடை இல்லை. கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டு அம்மா எங்களைப் பார்த்து, "பசியோட போகாதீங்கப்பா, உள்ளே வாங்க" என்றார். காசு கொடுத்து வாங்க முடியாத பெருந்தன்மை அது. கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். பிறகு திண்ணையில் இருந்த பெரியவர் விசாரித்தார்: எந்த ஊர், அப்பா பெயர் என்ன, தாத்தா என்ன செய்தார், யாருக்கு யார் உறவு. என் பதிலில் அவருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அகப்பட்டது. முகம் மலர்ந்தது. என் நண்பன் தன் ஊரையும் தெருவையும் ஒளிக்காமல் சொன்னான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே கூடத்தில் ஓர் இலை விழுந்தது, வெளியே திண்ணையில் ஓர் இலை. இரண்டிலும் ஒரே சோறு, ஒரே குழம்பு, அந்த அம்மாவின் கையால் ஒரே அளவு நெய். நான் என் இலையை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் எங்களைப் பார்க்கவுமில்லை. அவன் பாதியில் கை கழுவினான். அன்று மாலைவரை வரைந்துகொண்டே இருந்தான்.

சென்னை மாகாணத்தில் எல்லாச் சாதியினருக்கும் கோயில் வாசலைத் திறந்த சட்டம் 1947இல் வந்தது. ஆத்மநாதர் சன்னதியில் அவனை யாரும் நிறுத்தவில்லை. கல்லால் ஆன வாசலைச் சட்டம் திறந்துவிட்டது. வீட்டு நடையை அதனால் திறக்க முடியவில்லை. யாரென்று கேட்காமல் ஒரு முதியவருக்கு இலை போட்டதைப் புராணமாகப் போற்றும் ஊரில், இலை போடுமுன் யாரென்று கேட்டார்கள். இந்த ஊர் மட்டும் அப்படி இருக்கவில்லை. நாம் இன்று ஏக்கத்தோடு பேசும் பழைய கிராமத்து உபசாரம் பல இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் இலையை எடுத்தது.

ஆகையால் 'அந்தக் காலம் போச்சே' என்று யாராவது பெருமூச்சு விடும்போது எனக்கு அந்தத் திண்ணை நினைவுக்கு வருகிறது. இன்று அறந்தாங்கிக் கடைத்தெருவில் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் இலை போடுகிறவர் தாத்தா பெயர் கேட்பதில்லை. 2002இல் தமிழக அரசு கோயில்களில் அன்னதானத் திட்டம் கொண்டுவந்த பிறகு, எத்தனையோ கோயில்களில் யார் பக்கத்தில் யார் என்று பாராமல் ஒரே பந்தியில் உட்கார்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல் தானாகக் கிளம்பி ஒரு பெண் கோயிலுக்கு வந்துபோக முடிகிறது. என் நண்பனின் மனைவிக்கு முழங்கால் வலி. வாசல்வரை கார் வந்ததால்தான் அவர் இந்தக் கோயிலைப் பார்த்தார். இவை சிறிய மாற்றங்கள் அல்ல. இவற்றைத் திருப்பிக் கொடுத்துத்தான் பழைய நிதானத்தை வாங்க முடியும் என்றால் அது எனக்கு வேண்டாம்.

ஆனால் அப்படி ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்க வேண்டும் என்பது என்ன விதி? அன்று கடைசி பஸ் போய்விட்டது. அதனால் மட்டுமே நாங்கள் கோயிலுக்கு வெளியே மண்டபத்தில் தங்கினோம், அர்த்தஜாமம் பார்த்தோம். கூட்டமே இல்லாத பிராகாரத்தில் ஓதுவார் திருவாசகம் பாடினார். அது பிறந்ததாக நம்பப்படும் மண்ணில் நின்று, இன்னொருவர் குரலில் அதைக் கேட்டது என் வாழ்வின் பேறுகளில் ஒன்று. இந்தக் கோயிலில் விழாக்கால வீதியுலா மாணிக்கவாசகருக்குத்தான். ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் அடியாரே சுவாமியாகப் புறப்படுகிறார். ஆண்டவனுக்குப் பதில் அவனைப் பாடியவனைத் தேரில் ஏற்றுகிற ஊர், பாட்டைக் கேட்க ஆளில்லாமல் இருக்கக் கூடாது. இன்று கார் வாசலில் காத்திருக்கிறது. அதனால் பகல் வெயில் சாயுமுன் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த முறை நாங்கள் கிளம்பவில்லை. என் நண்பன் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கொடுங்கைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களைத் தரையில் படுக்கச் சொன்னான். தயங்கிப் படுத்தார்கள். ஓர் ஆணியைக் காட்டி, இதைச் செதுக்கியவன் எந்த இடத்தில் உளியைத் திருப்பியிருப்பான் என்று கேட்டான். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒருவன் எழுந்து நோட்டு கேட்டான். "உங்க ஊர் எது?" என்று என் நண்பன் யாரையும் கேட்கவில்லை. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டு, தேங்காயும் பழமும் பங்கிட்டான். அவர்கள் பிடித்திருக்க வேண்டிய பஸ் போய்விட்டது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆவுடையார்கோயிலுக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு வேறு கோயில் வைத்துக்கொள்ளாதீர்கள். உச்சிக்காலத்தில் படைகல்லில் ஆவி எழுவதைப் பாருங்கள். அர்த்தஜாமம் வரை இருங்கள். ஊரிடமும் கேட்கிறேன்: வருகிறவர்கள் ஓர் இரவு தங்க எளிய இடம் வேண்டும், இந்தக் கல்லைப் படித்துச் சொல்ல உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும், அவர்களுக்கு அது பிழைப்பாகவும் ஆக வேண்டும்.

வாசலை எல்லோருக்கும் திறப்பது பாதி வேலை. அதற்கே நமக்குத் தலைமுறைகள் ஆயின. வந்தவரை உட்காரவைத்துப் பசி விசாரித்து, கையிலிருப்பதைப் பொறுமையாகக் காட்டுவது மீதிப் பாதி. அது நம்மிடம் ஏற்கெனவே இருந்தது, சிலருக்கு மட்டும். இப்போது எல்லோரும் வருகிறார்கள். அதை எல்லோருக்கும் கொடுக்க இதைவிட நல்ல காலம் வாய்க்காது.