குருவுக்கு ஞானம் வரும் நேரம்

பில் ஜாக்சனுக்கு 'ஜென் குரு' என்று பட்டம். கூடைப்பந்துப் பயிற்சியாளராக 11 என்பிஏ கோப்பைகள்; மோதிரம் போட விரல்தான் போதவில்லை. வீரர்களைத் தியானத்தில் உட்கார வைப்பார், ஆளுக்கொரு புத்தகம் கொடுப்பார், முக்கோண ஆட்டம் ஆட வைப்பார். (முக்கோணம் உதவியாளர் டெக்ஸ் வின்டரின் சரக்கு. அது கிடக்கட்டும்.) சிகாகோவில் அப்படிக் கண்மூடி உட்கார்ந்தவர்களில் மைக்கேல் ஜோர்டானும் ஸ்காட்டி பிப்பனும் உண்டு என்பதைப் பக்தர்கள் சற்று மெதுவாகத்தான் சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸில் ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட். சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது.

2005இல், ஷகீல் போய்விட்ட லேக்கர்ஸுக்கு அதே குரு திரும்பினார். முந்தைய பருவத்தில் 34 வெற்றி. இவர் வந்ததும் 45. பொய் சொல்லக் கூடாது, மனுஷர் வேலை பார்த்திருக்கிறார். ஆனால் பிளே ஆஃபில் ஃபீனிக்ஸை 3-1 என்று முந்திவிட்டு, 3-4 என்று தோற்று முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினார்கள். அடுத்த ஆண்டும் அதே ஃபீனிக்ஸ், அதே முதல் சுற்று. கோபி ஒரே ஆட்டத்தில் 81 புள்ளி குவித்த காலம் அது. மற்றவர்கள் தியானம் கலையாமல் இருந்தார்கள் போல.

2008 பிப்ரவரியில் நட்சத்திர வீரர் பாவ் கசோல் லேக்கர்ஸில் வந்து சேர்ந்தார். குருவுக்கு உடனே ஞானம் திரும்பியது: 2009, 2010 இரண்டிலும் கோப்பை.

பிறகு 2014இல் நியூயார்க் நிக்ஸ் அவரைத் தலைவராக்கியது. இம்முறை ஆள் பிடிப்பதே அவர் வேலை. முதல் முழுப் பருவத்தின் கணக்கு: 17 வெற்றி, 65 தோல்வி.