முல்லைக்கொடி விட்டபாடில்லை

சென்னைக்கு மேற்கே குடியிருக்கிறவர்களிடம் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று கேட்டுப் பாருங்கள். திருநெல்வேலி என்பார்கள், பாலக்காடு என்பார்கள், நெல்லூர் என்பார்கள். ஆவடி என்று சொல்ல ஆள் கிடைக்காது. முப்பது வருஷமாக வீட்டுவரி கட்டுகிறவரும் ‘இப்போதைக்கு இங்கே இருக்கோம்’ என்பார், ஏதோ மழைக்கு ஒதுங்கியவர் மாதிரி.

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது ஒரு யானை.

தொண்டைமான் குறும்பர்களோடு சண்டைக்குப் போனபோது, திருமுல்லைவாயிலில் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. (அப்போது கேபிள் டிவி வயர் கிடையாது.) வாளை உருவி வெட்டினால் கொடிக்கு அடியில் லிங்கம், லிங்கத்திலிருந்து ரத்தம். பதறிப்போய்த் தன் கழுத்தையே அறுத்துக்கொள்ளப் போனவனைச் சிவன் தடுத்து, நந்தியைத் துணைக்கு அனுப்பினார். ஜெயித்த ராஜா, தோற்றவர்களின் எருக்கந்தூண் இரண்டைப் பிடுங்கிவந்து நட்டுக் கோயில் கட்டினான் என்கிறது தலபுராணம். எருக்கில் எப்படித் தூண் நிற்கும் என்று கேட்கிறவர்கள், எங்கள் பக்கத்து பில்டர்கள் எழுப்பும் தூண்களைப் பார்த்ததில்லை.

சிக்காமல் தப்பப் பார்த்தவர் திருமங்கையாழ்வார். திருநின்றவூரைத் தாண்டிப் பாடாமலே போய்விட்டாராம். ‘போய் ஒரு பாட்டாவது வாங்கிட்டு வாங்க’ என்று தாயார் விரட்ட, பெருமாள் கடல்மல்லை வரை துரத்திப்போய் வாங்கினார் என்பார்கள். அதே ஊரில்தான் பூசலார், காசில்லாததால் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கோபுரம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் நிஜக் கல்லில் கட்டிய ராஜாவின் கனவில் சிவன் வந்து, ‘நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், நீ தேதியை மாற்றிக்கொள்’ என்றார். அப்ரூவல் இல்லாத கட்டடத்துக்கு அவ்வளவு பெரிய இடத்துச் சிபாரிசு அப்புறம் இந்தப் பக்கம் யாருக்கும் கிடைக்கவில்லை. முயற்சி மட்டும் நடக்கிறது.

பூந்தமல்லியில் திருக்கச்சி நம்பி. தோட்டத்துப் பூவை எடுத்துக்கொண்டு காஞ்சி வரதருக்கு நித்தம் நடந்தார் என்பது ஐதீகம். ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. சீசன் டிக்கெட் இல்லாத முதல் சீசன் டிக்கெட்காரர் அவர்தான். பின்னால் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து கன்டோன்மென்ட் போட்டது, பூவிருந்தவல்லியைப் ‘பூனமல்லி’ ஆக்கியது, கிளம்பிப் போனது. பூனமல்லி போகவில்லை.

1955 ஜனவரியில் ஆவடிக்குக் காங்கிரஸே வந்தது. காமராஜர் முதலமைச்சர். சத்தியமூர்த்தி நகர் என்று பந்தல் போட்டு, நேரு முன்னிலையில் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் போட்டார்கள். போட்டவர்கள் ரயிலேறிவிட்டார்கள். தீர்மானத்தை அமல்படுத்தும் பொறுப்பு எங்கள் தெருக்குழாயடிக்கு வந்துசேர்ந்தது.

ஏனென்றால் அப்புறம் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தபோது, கூடவே பாதி இந்தியாவும் ஆவடிக்கு வந்துவிட்டது. பட்டாள உடை தைக்க ஓ.சி.எஃப். 1964-இல் அம்பத்தூர் எஸ்டேட். நாடு சண்டைக்குப் போக ஆவடியில் டாங்கி, நாம் வேலைக்குப் போக அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள். ஆவடி என்பதே ஆங்கில ராணுவப் பெயர் ஒன்றின் முதலெழுத்துகள் என்று ஒரு கோஷ்டி சத்தியம் செய்யும். டாங்கி வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே நேரு வந்து இறங்கிய இடத்துக்கு என்ன பெயராம்? அம்பத்தூர் ஓ.டி.யிலும் இதே சண்டைதான். ஓல்ட் டவுன் என்பார் ஒருவர், ஓல்ட் டெர்மினஸ் என்பார் இன்னொருவர். எஸ்டேட்டில் ஷிப்ட் பார்த்தவனைக் கேட்டால் ஓவர்டைம் என்பான்.

குழாயடிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு வங்காளியை அவர் தம்பி ‘தாதா, தாதா’ என்று கூப்பிடுவான். அண்ணன் என்று அர்த்தம். அது தெரியாமல் என் அம்மா ஆறு மாசம் அவருக்கு முன்னால் குடத்தை வைக்கவில்லை. எதிர்வீட்டுச் சேச்சி விடியற்காலையில் ‘வெள்ளம் வந்நு!’ என்று கத்துவார். மலையாளத்தில் தண்ணீர். ஏரிக்குள் மனை வாங்கிய எங்களுக்கு அது வேறு. முதல் நாள் அப்பா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சேச்சி எந்த மொழியில் கத்தினாலும் தெரு மொத்தமும் மாடிக்குத்தான் போகிறது.

2011-இல் அம்பத்தூரைச் சென்னை மாநகராட்சி விழுங்கியது. 2019-இல் ஆவடி தானே மாநகராட்சி ஆனது. ரெண்டு ஊரிலும் பள்ளம் அதே பள்ளம்.

இப்போது எஸ்டேட்டுக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற பையன்கள் ‘ரெண்டு வருஷம்தான் அண்ணா, அப்புறம் ஊருக்குப் போயிடுவேன்’ என்கிறார்கள். போன வாரம் டீக்கடையில் அவர்களில் ஒருவன் மனை விலை விசாரித்துக்கொண்டிருந்தான்.

திருமுல்லைவாயில் போனால் நந்தியைப் பாருங்கள். மற்ற ஊரில் சாமியைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர், இங்கே சாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து இருக்கிறார். தொண்டைமானோடு கிளம்பிய கோலம். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.