தொட்டி பார்க்கும் பெரியமனிதர்

மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுக்கு அணை கட்டி, மலையைக் குடைந்து, அதன் ஜலத்தைக் கிழக்கே திருப்பிவிட்ட பென்னிகுவிக் துரையின் புண்ணியத்தால் 1895-ஆம் வருஷம் முதல் செழித்துவரும் கம்பம் பள்ளத்தாக்கில், 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் அந்தப் பிரதேசத்தின் நடுவில், சின்னமனூர்வாசிகளுக்கு ஸ்நானம் என்பது ஒருநாளும் ஒரு பிரச்னையாக இருந்ததில்லை. முல்லையாற்றில் இறங்கலாம், வாய்க்காலில் முங்கலாம், தோட்டத்துப் பம்புசெட்டுக் குழாய்க்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நிற்கலாம், சனிக்கிழமையானால் குச்சனூர் சுரபி நதி, ஆடி அமாவாசையானால் சுருளி அருவி. இத்தனை மார்க்கங்கள் திறந்துகிடக்கும் ஊரிலே, ஐந்தடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட ஒரு வெள்ளைத் தொட்டிக்காக ஊண் உறக்கத்தை மறந்து அலைகிற ஒருவகைப் பெரியமனிதர் சமீப காலமாக உற்பத்தியாகியிருக்கிறார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஐம்பதைத் தாண்டியவர். வண்டன்மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம், ஊரில் வாழையும் திராட்சைப் பந்தலும், பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை, வாசலில் இரண்டு கார். போடி ஏலத்தில் காய்க்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷத்தில், தேக்கடியில் ஏதோ ஒரு ஹோட்டலில் குடும்பத்தோடு தங்கப் போனார். அங்கே குளியலறையில் கிடந்த தொட்டியைக் கண்டார். அன்றிரவு அவர் மனத்தில் விழுந்த வித்து, திரும்பி வந்து தம் வீட்டு மாடிக் குளியலறையைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் மரமாகிவிட்டது. எட்டடிக்கு ஐந்தடி அறை, மூலையில் ஒரு வாளி, வாளியில் மிதக்கும் ஒரு கப்பு. ‘இதிலேயா இத்தனை நாள் குளித்தோம்!’ என்ற வைராக்கியம் உண்டாயிற்று. கொத்தனாருக்கு ஆள் போயிற்று.

பழைய டைல்ஸைப் பெயர்த்துப் போட இரண்டு நாள் போதும். தொட்டியைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் காலவரையறை கிடையாது. தேனியில் பார்த்தாயிற்று, மதுரை பைபாஸ் ரோட்டில் உள்ள கடைகளையெல்லாம் வரிசையாக ஏறி இறங்கியாயிற்று, கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் முகூர்த்தம் முடிந்த கையோடு பந்தியைக்கூடப் பாராமல் ஷோரூமுக்குக் கிளம்பியதாகச் சம்பந்தி வீட்டார் இன்றளவும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அவர் தொட்டி பார்க்கிற முறையை நான் ஒரு தடவை கூடவே இருந்து கண்டிருக்கிறேன். அதற்கு ஒப்புச் சொல்ல வேண்டுமானால், நம்மவர்கள் பெண் பார்க்கப் போகிற சம்பிரதாயம் ஒன்றுதான் உண்டு. சுவீட்டும் காரமும் வைக்கவில்லையே தவிர மற்ற அங்கங்கள் எல்லாம் பூர்த்தியாக இருந்தன. முதலில் சற்றுத் தூரத்தில் நின்று ஒரு பார்வை. பிறகு பக்கத்தில் போய், விரலை மடக்கி விளிம்பில் தட்டி, ‘டொக்’கென்று வருகிறதா ‘டப்’பென்று வருகிறதா என்று பரீட்சை. ‘டொக்’ என்றால் வார்ப்பிரும்பு, கனவான்களுக்குரியது. ‘டப்’ என்றால் அக்ரிலிக், மற்றவர்களுக்கு. அதன்பின் செருப்பைக் கழற்றினார். செல்போனையும் பணப்பையையும் சம்சாரத்தின் கையில் கொடுத்தார். வேஷ்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, அந்த உலர்ந்த தொட்டிக்குள் ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து, இரண்டு பக்கமும் கையை ஊன்றி மெல்லச் சரிந்து, ஜனங்கள் வந்துபோகிற அந்த ஷோரூமின் நடுமத்தியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முழங்கால்கள் இரண்டும் கரைக்கு மேலே தெரிந்தன. கடைப் பையன் கேட்லாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு மௌனமாக நின்றான். நிமிஷங்கள் கழிந்தன.

“என்னங்க, எல்லாரும் பாக்குறாங்க, எந்திரிங்க” என்றார் அந்த அம்மாள், கீழ்க்குரலில்.

கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது: “முதுகு சரியா உக்காருது. தலைமாட்டுலதான் இடிக்கிது.”

பிறகு எழுந்து, வேஷ்டியை உதறிக் கட்டிக்கொண்டு, “வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம் தம்பி” என்று பையனிடம் விடைபெற்றார். அன்றைக்கு மட்டும் அந்தக் கடையில் அவர் படுக்காத தொட்டி, உயரத்தில் அடுக்கி வைத்திருந்தது ஒன்றுதான்.

கேட்லாக்குகள் வீடு வந்து சேர்ந்தன. அவற்றைக் கூடத்தில் பரப்பி அபிப்பிராயம் கேட்டபோது, எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அவருடைய தாயார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏப்பா, மாட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கிற தொட்டி மாதிரில்ல இருக்கு?” என்றார். நம்மவருக்கு மகா வருத்தம். ஆனால் அந்த அம்மாள் அறியாமல் சொன்னது சரித்திர பூர்வமான உண்மை. 1883-ஆம் வருஷம் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில், கலப்பை முதலிய விவசாயக் கருவிகள் செய்துவந்த ஜான் மைக்கேல் கோஹ்லர் என்பவர் கால்நடைகளுக்கான ஒரு வார்ப்பிரும்புத் தொட்டியை உலையில் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் எனாமல் பொடியைத் தூவி வழவழப்பாக்கினார். குதிரைக்குத் தண்ணீர் காட்டவும், பன்றியை வெந்நீரில் முக்கி ரோமம் களையவும் உகந்தது என்றும், நாலு கால்களைப் பொருத்திக்கொண்டால் மனிதர் குளிக்கவும் ஆகும் என்றும் தம் விலைப்பட்டியலில் அச்சிட்டார். முதல் தொட்டியை வாங்கிய குடியானவர் ஒரு பசுவையும் பதினான்கு கோழிகளையும் கிரயமாகக் கொடுத்ததாக அந்தக் கம்பெனியார் பெருமையோடு சொல்லிவருகிறார்கள். அந்தக் கம்பெனியின் கேட்லாக்தான் அப்போது கூடத்தில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடந்தது. இதை நான் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். சற்று நேரம் யோசித்தார்.

“அது அமெரிக்கா மாடுண்ணே” என்றார்.

சாதாரணத் தொட்டியோடு அவர் ஆசை நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கங்களிலெல்லாம் துவாரம் வைத்து, மோட்டாரைப் போட்டால் ஜலம் சுழன்று பீறிட்டு இடுப்பிலும் முதுகிலும் வந்து மோதுகிற, லட்ச ரூபாய்க்கு மேல் விலை போகிற ஜக்கூஸி என்ற ஜாதித் தொட்டியின் மீது ஒரு மாத காலம் மையலாக இருந்தார். தோட்டத்தில் மோட்டார் போடுகிற பெரியவரிடம் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்துகொண்டு அதன் மகிமையை வர்ணித்தார். அந்தப் பெரியவர் முழுவதையும் சிரத்தையாகக் கேட்டுவிட்டு, “நம்ம பம்புசெட்ல தெனமும் அதத்தானய்யா வாங்கிக்கிட்டிருக்கோம்” என்றார். இவரும் சரித்திரம் படித்தவர் அல்லர். இவர் சொன்னதும் பொய்யல்ல. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜக்கூஸி சகோதரர்கள் அதற்கு முன்பு விற்றுவந்தது ஆழ்கிணற்றுப் பம்புதான், அதுவும் விவசாயத்துக்கு. அவர்களில் ஒருவருடைய சிறு பையன் மூட்டுவாத நோயால் அவதிப்பட்டதைக் காணச் சகிக்காமல், 1956-இல் அந்தப் பம்பையே சிறிதாக்கித் தொட்டிக்குள் இறக்கினார்கள். 1968-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்கூஸி என்பவர் பம்பையும் தொட்டியையும் ஒரே சாமானாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆக, தம் தொழுவத்தில் கிடக்கும் தொட்டியையும் தம் கிணற்றில் ஓடும் மோட்டாரையும் சேர்த்து, சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த அதிசயம் என்று நம்பி, லட்ச ரூபாயோடு நம்மவர் மதுரைக்கும் தேனிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஆட்சேபணைகள் வராமல் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தேங்கின நீரில் உடம்பை ஊறப்போட்டு அந்த அழுக்கிலேயே புரண்டு எழுவது ஆசாரமாகுமா என்று கேட்டார். இதற்கு நம்மவர் தயாராக இருந்தார். மொஹஞ்சதாரோவில் நாலாயிரம் வருஷங்களுக்கு முன்பே செங்கல்லால் கட்டி, கசியாமலிருக்க நிலக்கீல் பூசி, சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழத்தில் ஒரு பெருங்குளம் வைத்திருந்தார்களே, அவர்கள் ஆசாரம் இல்லாதவர்களா என்று திருப்பிக் கேட்டார். (சின்னமனூர்ச் செப்பேடுகள் என்று உலகப் பிரசித்தி பெற்ற நம் ஊர்ச் சாசனத்தில், பாரதத்தைத் தமிழாக்கியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் பாண்டியர்களின் கீர்த்தியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. தொட்டி வாங்கியதை அவர்கள் கீர்த்தியில் சேர்க்கவில்லை என்று வாத்தியார் முணுமுணுத்ததை அவர் காதில் வாங்கவில்லை.) கூடவே ஆர்க்கிமிடீஸின் கதையும் வந்தது: தொட்டியில் இறங்கினார், தண்ணீர் வழிந்தது, ஓர் ஒப்பற்ற தத்துவம் பிறந்தது. டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த கொத்தனார் கரண்டியை நிறுத்திவிட்டு, “வழிஞ்ச தண்ணி எங்கண்ணே போச்சு? வாட்டம் எந்தப் பக்கம் விடணும்?” என்று கேட்டார். அந்த வீட்டில் நடந்த ஆராய்ச்சிகளில் பிரயோஜனமான கேள்வி அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியில் இஞ்சினீயர் வந்தார். மாடிக் குளியலறை ஆயிற்றே! அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். வீட்டுக் குளியலறைத் தளத்துக்கு நம் நாட்டு விதிப்படி சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று கணக்கு. தொட்டி அடைத்துக்கொள்ளும் இடமோ சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். வார்ப்பிரும்புத் தொட்டி 150 கிலோ, அதில் நிரம்பும் தண்ணீர் 200 லிட்டர் என்றால் 200 கிலோ, அதற்குமேல் ஐயா அவர்கள் ஒரு 85 கிலோ. மொத்தத்தில் தளம் எதிர்பார்ப்பதைப்போல ஏறக்குறைய இரட்டிப்பு. வெந்நீர்க் கணக்கு அதைவிட விசித்திரம்: இருக்கிற கீசரோ 25 லிட்டர், 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றரை யூனிட் மின்சாரமும், இரண்டு கிலோவாட் கீசருக்கு ஒன்றேமுக்கால் மணி நேரமும் பிடிக்கும், கடைசிச் சொட்டு சூடாகி விழுகிறபோது முதலில் விழுந்தது ஆறிப்போயிருக்கும். கூடத்தில் நிசப்தம் நிலவியது. நம்மவர் காகிதத்தை வாங்கி, நெடுநேரம் உற்றுப் பார்த்து, அந்த மூன்று தொகைகளில் கடைசித் தொகையின் மேல் விரலை வைத்தார்.

“அப்ப நான் எறங்காம, தண்ணியும் விடாம, தொட்டிய மட்டும் வச்சாத் தாங்குமா?”

இஞ்சினீயர் தாராளமாகத் தாங்கும் என்றார். அந்த க்ஷணத்தில் நம்மவர் முகத்தில் தோன்றிய நிம்மதியைக் கண்ட பிறகுதான், இந்த வகை மனிதரின் அந்தரங்கம் எனக்கு விளங்கிற்று.

ஆயினும் குடும்பத்தார் விடவில்லை. அக்ரிலிக் என்றால் நாற்பது கிலோவோடு போகும் என்று இஞ்சினீயர் சமாதானம் செய்துவைத்தார். “சனிக்கிழம எண்ண தேச்சுக் குளிக்கிறது எங்கங்க? இதுக்குள்ள எண்ணையும் சீயக்காயுமா எறங்குனா, விழுந்து எலும்ப ஒடச்சுக்கிறதுக்கா?” என்று அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு மொஹஞ்சதாரோவிலும் விடை அகப்படவில்லை. ஆகவே வாளிக்கும் கப்புக்கும் முக்காலிக்கும் தனி இடம் வேண்டும் என்று தீர்மானமாகி, பக்கத்துச் சாமான் அறையின் சுவர் இடிக்கப்பட்டது. வாசற்கால் இரண்டரை அடிதான் என்பது தொட்டி படியேறி வந்த பிறகே தெரிந்ததால், நிலையும் பெயர்க்கப்பட்டது. செலவைப் பற்றி அவர் பேசமாட்டார், நானும் பேசப்போவதில்லை.

நல்ல நாள் பார்த்து அவர் தொட்டியில் இறங்கினார். படுத்தார். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு என்னிடம் மட்டும் மனம்விட்டுச் சொன்னார்: படுத்தாயிற்று, அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. கால்மாட்டில் குழாய், தலைக்கு மேலே புது லைட்டு. அவற்றைப் பார்த்து முடித்தார். வாழைக்கு உரம் வைக்க ஆள் வந்தானோ என்று ஞாபகம் வந்தது. எழுந்து, முக்காலியில் உட்கார்ந்து, குளித்த மாதிரியே இல்லையென்று வாளியில் தண்ணீர் பிடித்து மளமளவென்று தலையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உடம்பு திருப்திப்பட்டது. மறுநாள் முதல் யதாஸ்தானம் பம்புசெட்.

தொட்டிக்கு அதனால் கௌரவக் குறைவு ஏதும் நேர்ந்துவிடவில்லை. விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுத்தானதும் மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார். வாரத்துக்கு ஒரு தரம், உப்புக்கறை படியாமல் எலுமிச்சம்பழத் தோலால் தம் கையாலேயே தேய்க்கிறார். அதற்கும் மேலாக ஒரு பதவி வந்து சேர்ந்திருக்கிறது. உத்தமபாளையத்தில் ஒருவர், கம்பத்தில் ஒருவர், மார்க்கையன்கோட்டையில் ஒருவர் என்று, குளியலறையை இடிக்கிறவர்கள் எல்லாரும் இப்போது இவரைத்தான் கார் அனுப்பி அழைக்கிறார்கள். சட்டைப் பையில் அளவு டேப்போடு புறப்பட்டுப் போகிறார். போன வாரம் ஒரு வீட்டில், சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே அப்போதுதான் அட்டை பிரித்துப் போட்டிருந்த புதுத் தொட்டியை விளிம்பில் தட்டிப் பார்த்து, செருப்பைக் கழற்றி, செல்போனை அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே படுத்துக்கொண்டார். வீட்டுக்காரரும் அவருடைய மைத்துனரும் கொத்தனாரும் பக்கத்தில் கைகட்டி நின்றார்கள்.

“தலைமாட்டுல ரெண்டு இஞ்சு பத்தாது மாப்ள” என்றார், கண்ணை மூடியபடியே. “எதுக்கும் தேனியில இன்னொன்னு பாத்துருவோம். வண்டிய எடுக்கச் சொல்லு.”